மாவட்டப் போட்டிக்கு ஆறு வாரம்: ஓடும் பிள்ளையின் மனதைப் பழக்குவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் மாலை ஐந்தரைக்கு ஒரு திடலில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்து வருகிறேன். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள், 12 முதல் 17 வயது வரை. இங்கே புல்லில் நூறு மீட்டரை 12.8 விநாடியில் ஓடுகிறவன் மாவட்டப் போட்டியில் 13.4-இல் வந்து நிற்பான். அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. கேட்டால், "என்னமோ தெரியல சார், காலு கனத்துப் போச்சு" என்பான்.

இதற்கு நாங்கள் வழக்கமாகச் செய்த வைத்தியம், போட்டியன்று காலை பஸ்ஸுக்குள் நின்றுகொண்டு பத்து நிமிடம் முழங்குவது. நானும் முழங்கியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள், பத்து மணிக்குக் கால் அதே மாதிரி கனக்கும். பேச்சால் வராதது பழக்கத்தால் வருகிறது, அதற்கு வாரக்கணக்கில் நாள் வேண்டும். வரிசையும் முக்கியம். புதிதாக இதில் இறங்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் பெரும்பாலும் கடைசிப் படியை முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில், நேரம் பார்க்க ஒரு கைத்தொலைபேசி, வெடிச்சத்தத்துக்குப் பதிலாக 'பட்'டென்று அடிக்க இரண்டு பலகைத் துண்டுகள். செலவு அவ்வளவுதான்.

இவற்றைவிட முக்கியம் சோறும் தூக்கமும். அம்மா விடியற்காலை தொழிற்சாலை பஸ் ஏறிவிடுவார், அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டக் கிளம்பிவிடுவார். பையன் பசியாறாமல் பள்ளிக்குப் போய், ஓய்வு நேரத்தில் வாங்கிய ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) வைத்து மாலை வரை ஓட்டுவான். ஆறு மணிக்குத் திடலில் அவன் சோர்ந்து நின்றால், 'இவனுக்கு ஊக்கமே இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டு வாழைப்பழமும் ஒரு மைலோவும் கொடுத்துவிட்டு அப்புறம் அவன் ஊக்கத்தைப் பாருங்கள்.

பதின்ம வயதில் இரவுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். போனை வைத்துக்கொண்டு ஒரு மணிவரை விழித்திருக்கிற பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. இந்த இரண்டையும் வீட்டில் பேசி முடித்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

2. முதல் வாரம்: எதையும் மாற்றாதீர்கள், எழுதுங்கள்

ஒவ்வொரு பயிற்சியிலும் பிள்ளை மூன்று வரி எழுதட்டும். ஓடிய நேரம். ஓடுமுன் உடம்பு எவ்வளவு முறுக்கேறியிருந்தது என்பதற்கு 1 முதல் 10 வரை ஓர் எண். கோட்டில் நிற்கும்போது மனதில் வந்தது என்ன என்று ஒரு வரி.

எல்லாருக்கும் மருந்து ஒன்றல்ல, அதனால்தான் இந்தக் கணக்கு. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்துச் செய்த சோதனையில் ஒன்றைக் கண்டார்கள்: கடினமான வேலையைக் கற்கும்போது தூண்டுதல் குறைந்தாலும் தடுமாற்றம், மிகுந்தாலும் தடுமாற்றம், நடு அளவில்தான் நன்றாக நடந்தது. பிள்ளைகளிடமும் இது தெரியும். ஒருத்திக்கு எண் 8 ஆக இருக்கும்போது நல்ல தாண்டல் வரும். இன்னொருவன் 5-ஐத் தாண்டினாலே கால் பின்னிக்கொள்வான். முதலாமவளுக்குச் சூடேற்ற வேண்டும், இரண்டாமவனைத் தணிக்க வேண்டும். இருவரையும் உட்கார வைத்து ஒரே பேச்சைப் பேசினால் ஒருவருக்குக் கெடுதல் செய்கிறோம்.

வெளியே தெரிவதை வைத்து மட்டும் கணிக்காதீர்கள். படிவம் 2 (இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு) படிக்கும் ஒரு பையன் ஓட்டத்துக்கு முன் ஓயாமல் கொட்டாவி விடுவான். சோம்பேறி என்று இரண்டு தடவை திட்டியிருக்கிறேன். அவன் நோட்டைத் திறந்து பார்த்தால் எல்லா நாளும் 9 என்று எழுதியிருந்தான். ஓயாமல் சிரிப்பது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கழிவறைக்கு ஓடுவது, ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவது, எல்லாம் அதே கதைதான்.

3. இலக்கை மூன்றாகப் பிரியுங்கள்

"முதல் மூன்றுக்குள் வரணும்" என்பது முடிவு. "12.6 ஓடணும்" என்பது அளவு. "முதல் பத்து எட்டுவரை தலையைத் தூக்க மாட்டேன்" என்பது செயல். இந்த மூன்றில் பிள்ளையின் கையில் முழுதாக இருப்பது கடைசி ஒன்றுதான். பக்கத்து லேனில் ஓடுகிறவன் எவ்வளவு வேகம் என்பதை இவன் தீர்மானிக்க முடியாது.

முடிவை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தடவை எழுதி மூடிவிடச் சொல்லுங்கள். அளவை வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கட்டும். தினமும் பேச வேண்டியது செயலைப் பற்றி மட்டும். அதுவும் ஒரு வாரத்துக்கு ஒரே செயல்.

எந்தச் செயல் என்பதை நீங்கள் தேர்ந்து கொடுக்காதீர்கள். இரண்டைச் சொல்லி ஒன்றை அவனையே எடுக்க விடுங்கள். தானாக எடுத்ததைத்தான் பிள்ளை மழை நாளிலும் செய்கிறான். 'ஜெயிச்சா புது போன்' என்று வீட்டில் பேரம் பேசுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். டெசி, ரையன் என்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் பல ஆண்டுகளாகக் காட்டுவது இதைத்தான்: விரும்பிச் செய்யும் காரியத்துக்குக் கூலி பேசினால், கூலி நின்றதும் விருப்பமும் குறைந்துபோகும்.

4. இரண்டாம் வாரம்: மூச்சு

மனதை நேரடியாகப் பிடிக்க முடியாது, மூச்சைப் பிடிக்கலாம். அதனால் திறன்களில் இதுவே முதல்.

நான்கு எண்ணும்வரை மூக்கால் உள்ளே, ஆறு எண்ணும்வரை வாயால் வெளியே. வெளிவிடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் சூட்சுமம். மூச்சை விடும்போது இதயத் துடிப்பு சற்று இறங்கும், அந்த நேரத்தை நீட்டுகிறோம். ஆறு சுற்று போதும், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சொல்லிக்கொடுக்கும் இடங்களை இப்படி மாற்றிக்கொண்டே போங்கள். முதல் இரண்டு நாள் புல்லில் மல்லாந்து படுத்து, வயிற்றில் கை வைத்து. கை ஏறி இறங்க வேண்டும், நெஞ்சு தூக்கக் கூடாது. அடுத்த இரண்டு நாள் நின்றுகொண்டு. அப்புறம் 60 மீட்டர் ஓடி மூச்சிரைக்கும்போது. கடைசியில் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால். படுத்துக்கொண்டு மட்டும் பழகியவனுக்கு நிற்கும்போது வராது, அதுதான் இந்தப் படிவரிசைக்குக் காரணம்.

மூச்சோடு தசை தளர்த்தலையும் சேருங்கள். கையை ஐந்து விநாடி இறுக்கமாகப் பொத்திச் சட்டென்று விடுவது, தோளைக் காதுவரை தூக்கி விடுவது, பல்லைக் கடித்துத் தாடையைத் தொங்கவிடுவது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் நூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த முறையின் சிறு துண்டு இது. குறுவோட்டக்காரனுக்குத் தாடை ரொம்ப முக்கியம். அது இறுகினால் கழுத்து இறுகும், தோள் ஏறும், கைவீச்சு குறுகும்.

இங்கே பார்க்கும் தவறுகள் மூன்று. 'நல்லா இழுத்து விடு' என்று சொன்னதும் பிள்ளை வேகவேகமாக ஊதும், தலை சுற்றும், விரல் மரத்துப்போகும். மெதுவாக என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாவது, போட்டியன்று முதல்முறையாகக் கற்றுக்கொடுப்பது. மூன்றாவது, வெடிச்சத்தம் வரைக்கும் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது. ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே நிறுத்திவிட்டு இரண்டு குதி குதிக்க வேண்டும். தூக்கம் வரும் அளவுக்குத் தணிந்துபோன உடம்பு பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் கால் ஊன்றும் கட்டை) பாயாது.

5. 'பயப்படாதே' என்று சொல்வதை நிறுத்துங்கள்

இந்தச் சொல்லைக் கேட்டுப் பயம் போன பிள்ளையை நான் பார்த்ததில்லை. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, கை குளிர்கிறது. இதெல்லாம் உடம்பு ஓடத் தயாராகும்போது வருபவை. அதற்குப் பயம் என்று பெயர் வைத்தால் பயம், தயார் என்று பெயர் வைத்தால் தயார்.

ஹார்வர்டைச் சேர்ந்த அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் மேடையில் பேசுவதற்கும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அவர்கள் ஓட்டக்காரர்கள் அல்லர் என்பது உண்மை. இருந்தாலும் திடலில் இது உதவுவதைப் பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகள் சொல்வது, "உடம்பு சூடாயிடுச்சு." அவ்வளவுதான்.

6. மூன்றாம் வாரம்: ஒற்றைச் சொல்

ஓடும்போது வாக்கியம் நினைக்க நேரம் இல்லை. ஓட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல் போதும். நூறு மீட்டருக்குத் தொடக்கத்தில் 'தள்ளு', நடுவில் 'நிமிர்', கடைசி முப்பதில் 'விடு'. கடைசியில் எல்லாரும் பல்லைக் கடித்து இறுக்குவார்கள், அதற்காகத்தான் 'விடு'.

சொல் பிள்ளையின் வாயில் தானாக வருவதாக இருக்கட்டும். ஒருத்தி 'எகிறு' என்கிறாள். ஒருவன் மலாயில் 'தோலாக்' என்கிறான், அதுவும் தள்ளுதான். 'விழுந்துடாதே', 'பின்னாடி பாக்காதே' என்று தடுக்கிற சொல் மட்டும் வேண்டாம். விழாதே என்றதும் மனதில் முதலில் வருவது விழுகிற காட்சி.

பயிற்சியில் முதல் வாரம் சொல்லை உரக்கச் சொல்லிக்கொண்டு ஓடட்டும். சரியான இடத்தில் சொல்கிறானா என்று உங்களுக்குக் கேட்கும். அப்புறம் வாய்க்குள் சொன்னால் போதும்.

7. நான்காம் வாரம்: மனக்காட்சி

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். 'கண்ணை மூடு, மெடல் வாங்குற மாதிரி நினைச்சுக்கோ' என்று தொடங்குவார்கள். மேடையில் நிற்பதைப் பார்க்கப் பழகிய பிள்ளைக்கு மேடையில் நிற்கத்தான் தெரியும். ஓடுவதைப் பார்க்க வேண்டும்.

2001-இல் ஹோம்ஸ், காலின்ஸ் என்ற இருவர் இதற்கு ஒரு முறை வகுத்தார்கள். சாரம் இவ்வளவுதான்: கற்பனை எந்த அளவுக்கு நிஜத்தை ஒத்திருக்கிறதோ அந்த அளவுக்கு உதவும். அதனால் படுக்கையில் வேண்டாம். ஸ்பைக்ஸ் (அடியில் ஆணி வைத்த ஓட்ட ஷூ) போட்டு, லேனில் நின்று, ஓடும் உடையோடு செய்யட்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் போலப் பார்க்காமல், தன் கண்ணாலேயே பார்க்கட்டும்: கீழே வெள்ளைக்கோடு, எதிரே லேன், பக்கத்தில் இன்னொருவன் மூச்சு. தைல வாடை, ஒலிபெருக்கியில் மலாய் அறிவிப்பு, வெயிலில் காய்ந்த ஓடுதளம் உள்ளங்கையைச் சுடுவது எல்லாம் இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. பிள்ளையின் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுங்கள். கண்ணை மூடி, மனதில் வெடிச்சத்தம் கேட்டதும் அழுத்தட்டும், மனதில் கோட்டைத் தாண்டியதும் நிறுத்தட்டும். 13 விநாடி ஓடுகிற ஒருவன் முதல் தடவை 6.9-இல் நிறுத்தினான்.

"எங்கடா போச்சு மீதி ஆறு விநாடி?"

"கிளம்புனது தெரிஞ்சுச்சு சார், அப்புறம் கோடு வந்துருச்சு. நடுவுல ஒன்னும் தெரியல."

நிஜ ஓட்டத்திலும் அவன் குலைவது அந்த நடுப்பகுதியில்தான். 30-க்கும் 70-க்கும் இடையே அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வாரம் அந்த நாற்பது மீட்டரை மட்டும் பார்க்கச் சொன்னேன், 'நிமிர்' என்ற சொல்லோடு. அளவு மெல்ல மெல்ல 11, 12 என்று நிஜ நேரத்துக்குப் பக்கத்தில் வந்தது. மனநேரத்துக்கும் நிஜ நேரத்துக்கும் ஒரு விநாடிக்குள் வித்தியாசம் வந்துவிட்டால் காட்சி முழுமையாகிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். இது என் சொந்த அளவுகோல்.

ஒரு நாளைக்கு மூன்று தடவை, அதற்கு மேல் வேண்டாம், சலிப்பு தட்டிவிடும்.

புல்லில் மட்டும் ஓடிய பிள்ளைகளை ஒரு வாரம் முன்பாவது செயற்கை ஓடுதளத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வேன் பிடித்துப் பத்துப் பேர் போனால் முடிந்தது. ஓடக்கூட வேண்டாம், நடந்து பார்க்கட்டும், கூட்டம் உட்காரும் இடத்தில் உட்காரட்டும், கழிவறை எங்கே என்று தெரிந்துகொள்ளட்டும். பார்க்காத இடத்தை யாரும் மனதில் சரியாக வரைய முடியாது.

8. ஐந்தாம் வாரம்: 'இப்படி ஆனால், இதைச் செய்வேன்'

கெடக்கூடியதை எல்லாம் பிள்ளைகளிடமே கேட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு செயல். ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் காட்டியது போல, 'நல்லா சமாளிப்பேன்' என்று பொதுவாக நினைப்பதைவிட, 'இது நடந்தால் அது' என்று முடிச்சுப் போட்டு வைப்பது வேலை செய்யும். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியது இல்லை.

எங்கள் நோட்டுகளில் இருப்பவை: மழையால் ஓட்டம் தள்ளிப்போனால் சட்டை மாற்றி, அரை வாழைப்பழம் சாப்பிட்டு, சூடேற்றத்தைப் பாதியிலிருந்து மறுபடி செய்வேன். எட்டாவது லேன் கிடைத்தால் என் கோட்டை மட்டும் பார்ப்பேன். பக்கத்து லேன்காரன் ஆள் பெரியவனாக இருந்தால் அவன் ஷூவைக்கூடப் பார்க்க மாட்டேன். இன்னொருவன் வெடிக்கு முன் கிளம்பிவிட்டால் எழுந்து, கோட்டுக்குப் பின்னால் திரும்பி நடந்து, ஒரு நீள மூச்சு, ஒரு சொல், மறுபடி குனிவேன்.

இந்தக் கடைசி ஒன்றைப் பலமுறை பழக்குங்கள். உலகப் போட்டிகளில் 2010 முதல் ஒரு தடவை முந்திக் கிளம்பினாலே வெளியேற்றம். 2011-இல் தென்கொரியாவின் தேகு நகரில் உசேன் போல்ட்டே நூறு மீட்டர் இறுதியில் அப்படி வெளியே போனார். உங்கள் போட்டியில் எந்த விதி என்று முன்கூட்டியே நடுவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முடிச்சு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்பதற்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீந்திய 200 மீட்டர் பட்டர்ஃபிளையைப் பார்க்கலாம். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து எதுவும் தெரியவில்லை. கைவீச்சை எண்ணிக்கொண்டே போய்ச் சுவரைத் தொட்டார். தங்கம், 1:52.03 என்ற உலகச் சாதனையோடு.

எங்கள் பட்டியலில் ஒரு வரி என் தவறால் சேர்ந்தது. ஒரு வருடம் அட்டவணையைத் தப்பாகப் படித்து, 200 மீட்டருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பெயரைக் கூப்பிட்டபோது பிள்ளை ஜப்பான் சிலிப்பரோடு (ரப்பர் செருப்பு) கூடாரத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஓடினாள், அழுதுகொண்டே. அதிலிருந்து அட்டவணையைப் படிப்பது இரண்டு பேர், ஸ்பைக்ஸ் பை எப்போதும் தோளில்.

9. ஒத்திகைப் போட்டி

ஐந்தாம் வாரக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பெற்றோரையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் தம்பி தங்கைகளையும் வரச் சொல்லுங்கள். சத்தம் போடட்டும். ஆளுக்கு ஒரே வாய்ப்பு, திரும்ப ஓட முடியாது. "கெ காரிசான்" (கோட்டுக்கு வா), "செடியா" (தயார்) என்று போட்டியில் மலாயில் சொல்வதைப் போலவே சொல்லிப் பலகையை அடியுங்கள். 'செடியா'வுக்கும் சத்தத்துக்கும் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சத்தத்தைக் கேட்காமல் ஊகித்துக் கிளம்பப் பழகிவிடுவார்கள்.

முதல் சுற்று முடிந்ததும் இறுதிச் சுற்றுக்கு முன் நாற்பது நிமிடம் சும்மா உட்கார வையுங்கள். போன் கிடையாது. போட்டி நாளில் பிள்ளையைத் தின்பது இந்தக் காத்திருப்புதான், இதை யாரும் பழக்குவதில்லை.

10. போட்டி நாள்

புதிதாக எதுவும் சொல்லாதீர்கள். ஓட்டத்துக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் முன் பசியாறல், பழகிய சாப்பாடுதான். சூடேற்றம், ஒரு மனக்காட்சி, ஆறு மூச்சு, இரண்டு குதி, ஒரு சொல். இதே வரிசை, இதே நேர இடைவெளி, ஒத்திகையில் செய்தது போலவே.

பிள்ளையோடு பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், பேச்சு இரண்டு வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். கஷ்டம் பெற்றோரிடம்தான். லாரி ஓட்டுகிற ஓர் அப்பா லீவு போட்டு வந்திருந்தார்.

"சார், பையனுக்கு நாலு வார்த்த தைரியம் சொல்லிட்டு வந்துடுறேன்."

"இப்ப வேணாம்ணே. இப்ப சொன்னா அவனுக்குக் காதுல ஏறாது. முடிச்சுட்டு வரப்ப தண்ணி போத்தல எடுத்து நீட்டுங்க, அது போதும்."

முகம் சற்று வாடிவிட்டது. ஆனால் போத்தலைப் பிடித்துக்கொண்டு முடிவுக்கோட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டார். இப்போதெல்லாம் எல்லா அப்பாக்களுக்கும் ஒரு வேலை கொடுத்துவிடுகிறேன்: பாய், குடை, ஐஸ் பெட்டி.

11. முடிந்த பிறகு

தோற்ற பிள்ளை அழட்டும், தடுக்காதீர்கள். வேனில் திரும்பும்போது ஆராய்ச்சி வேண்டாம். இரவோ மறுநாளோ நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதட்டும்: நான் எடுத்த செயலைச் செய்தேனா? எந்த இடத்தில் மனம் ஓடிப்போனது? அடுத்த தடவை எதை மட்டும் மாற்றுவேன்? வென்றவனும் எழுத வேண்டும். வென்ற நாளில் நோட்டைத் திறக்காதவன்தான் அடுத்த வருடம் திணறுகிறான்.

இரண்டு வாரம் ஆகியும் ஒரு பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், திடல் பக்கமே வராமல் இருந்தால், அது நம்மால் ஆகிற வேலை அல்ல. வீட்டில் சொல்லுங்கள், பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் கூட்டிப் போங்கள். உயிரை விடுவதுபோல ஏதாவது பேசினால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.

மற்றவர்களுக்கு நான்கு நாள் ஓய்வு. ஐந்தாம் நாள் மாலை வழக்கம் போல ஐந்தரைக்கு, நோட்டில் புதுப் பக்கம், முறுக்கு எவ்வளவு என்று ஓர் எண்.